கழிமுகத்தை நான் கொன்ற கதை

பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்து, தலையில் ஒரு குட்டு வைப்பார். அதோடு விஷயம் முடிந்துவிடும். அரசாங்க அலுவலகத்தில் தப்பாக எழுதினால் யாரும் உங்களை அப்படி அவமரியாதை செய்ய மாட்டார்கள். அதைத் தட்டச்சு செய்து, மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, மேலிடத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

நேற்றுச் சின்னவன் மொழிபெயர்ப்புப் பாடத்தில் இரண்டு சொல்லுக்குச் சுழி வாங்கிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். இரண்டு சொல்லுக்கே இந்தப் பாடா? உங்கள் அப்பா இரண்டே சொல்லில் மலாக்கா ஆற்றின் வாயைச் சாகடித்தவன். அந்தப் பெருமையை நானாகச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அப்போது பாண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்கு நாள் சொல்லியாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில்தான் நம் கரையில் மீன் குறைகிறதோ என்ற கவலை அவர்களுக்கு வந்தது. கவலை வந்ததும் ஓர் அலுவலகம் வந்தது. அலுவலகம் வந்ததும் நான் வந்தேன்.

அலுவலகம் என்றால் ஆற்றோரம் ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு சின்னப் படகு. அறைக்குள் ஆராய்ச்சித் துரை ஒருவர். தாழ்வாரத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒருவர். மீதி எல்லா வேலைக்கும் உதவியாளர் என்ற பெயரில் நான். கயிற்றில் போத்தலைக் கட்டித் தண்ணீருக்குள் விடுவது, மேலே இழுப்பது, போத்தலில் சீட்டு ஒட்டுவது, ஒட்டிய சீட்டு உரிந்துவிட்டால் எது எந்தப் போத்தல் என்று முகத்தைச் சுளிக்காமல் ஊகிப்பது. இதுதான் விஞ்ஞானம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

துரை நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம், இங்கே எல்லோரும் குவாலா என்கிறார்கள். அது முழு உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை, இரண்டுங்கெட்டான். "அதுதான் மீன்குஞ்சுகளின் தொட்டில்" என்பார் துரை. தொட்டிலில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்தக் குஞ்சு எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான், எங்கே எப்போது வலை போடலாம் என்று சட்டம் எழுத முடியும் என்பார். நியாயமான பேச்சு. அந்த ஆராய்ச்சியில் குறை ஒன்றுதான் இருந்தது. அது நான்.

நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த திரவம் ரப்பர்ப் பால் ஒன்றே. தோட்டப் பள்ளியில் ஆறு வருடத் தமிழ், டவுனுக்கு வந்தபிறகு இரண்டு வருட ஆங்கிலம், தெருவில் கற்ற மலாய். இந்த மூன்றையும் வேலைக்கான மனுவில் எழுதியிருந்தேன். துரை அதைப் படித்து, கடலோர மக்களின் மொழிகள் எல்லாம் அறிந்த ஆள் கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்துபோனார். நானும் அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பவில்லை.

என்னிடம் ஒரு பெரிய நோட்டைக் கொடுத்தார். தேதி, நேரம், உப்பு, சூடு என்று கட்டங்கள். கடைசி இரண்டு கட்டம் மட்டும் வேறு மாதிரி: "தண்ணீரின் நிலை", "பிடிபாடு".

"இந்த இரண்டையும் மீனவர்களிடம் கேள்" என்றார். "அவர்கள் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் எழுது. நீ நினைப்பதை எழுதாதே."

நினைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லாததால் அந்த வேலை எனக்குச் சுலபமாகவே இருந்தது.

மீனவரைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. காஜா பெராங்கில் நம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் பெரியப்பாதான் எனக்கு அகப்பட்ட மீனவர். நீங்கள் பெரியப்பா என்று கூப்பிட்டாலும் அவர் நமக்குச் சொந்தமில்லை. மலாக்காச் செட்டி, பல நூறு வருடம் முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வணிகர் வம்சம். மாரியம்மன் கோயிலில் நமக்கு முன்வரிசையில் நிற்பார், ஆனால் பேசுவது மலாய். அவரிடமிருந்த தமிழ் கோயிலுக்கும் சமையலறைக்கும் போதும். என்னைத் தம்பி என்பார், உங்கள் அம்மாவைத் தங்கச்சி என்பார், அதற்குப்பிறகு மலாய்க்குப் போய்விடுவார். அவர் பேச்சை உங்களுக்காகத் தமிழாக்கி எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் எனக்குள்ள திறமையைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

அவர் தள்ளுவலைக்காரர். இரண்டு நீளக் கழிகளைக் குறுக்காகக் கட்டி, நடுவே வலையை விரித்து, மார்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே தள்ள வேண்டும். கெராகாவ் பிடிக்கிற வலை. நம்மவர்கள் கூனி என்று சொல்லும் பொடி இறால்தான் கெராகாவ். அதைப் பெரியம்மா உப்பும் சோறும் போட்டுப் புளிக்கவைத்து சிஞ்சாலோக் ஆக்குவார். பருவம் வந்தால் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் கண்ணாடிப் போத்தல்கள் இளஞ்சிவப்பாக வரிசை கட்டி நிற்கும். பருவம் முடிந்தால் கூடைக்கு ஒன்றிரண்டுதான் தேறும், அந்த வரிசையைக் கொண்டுதான் மீதி மாதங்கள் ஓடும். பெரியப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

தினம் காலையில் சைக்கிளை எடுக்கும்முன் வேலியருகே நின்று கேட்பேன்.

"அண்ணே, தண்ணி எப்படி இருக்கு?"

சில நாள் "ஆயர் பெசார்" என்பார். பெசார் என்றால் பெரிய. "பெரிய தண்ணீர்" என்று ஆங்கிலத்தில் எழுதுவேன். "பிடிபாடு?" என்றால் கூடைக் கணக்குச் சொல்வார்.

சில நாள் "ஆயர் மாத்தி" என்பார். ஆயர் என்றால் தண்ணீர். மாத்தி என்றால் செத்தது. மலாய் தெரிந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்த சொல்லுக்கு யாராவது விளக்கம் கேட்பார்களா? "செத்த தண்ணீர்" என்று எழுதினேன்.

"பிடிபாடு?"

"ஒண்ணும் இல்ல லா."

"இல்லை" என்று எழுதினேன். கையெழுத்து எனக்கு அழகாகவே வரும்.

நான் எழுதிய நோட்டைப் பெரிய கிராணி மாதக் கடைசியில் தட்டச்சு செய்வார். இங்கிலீஷில் அவருக்குப் பிடித்த சொற்களைப் பெரிய எழுத்தில் அடிக்கிற பழக்கம் உண்டு. என் செத்த தண்ணீர் அவர் கையில் பட்டதும் பெரிய எழுத்தில் எழுந்து நின்றது. பார்க்கவே பயமாக இருந்தது. நானே, ஐயோ பாவம் இந்த ஆறு, என்று நினைத்தேன்.

நான்கைந்து மாதம் போனதும் துரை ஒரு நாள் அறைக்குள்ளிருந்து ஓடிவந்தார். வெள்ளைக்காரர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணீர் செத்த நாட்களில் எல்லாம் பிடிபாடு இல்லை. பிடிபாடு இல்லாத நாட்களில் எல்லாம் தண்ணீர் செத்திருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய தீபாவளி கிடையாது.

"இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததே இல்லை" என்று என் தோளில் தட்டினார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாதத்தில் இரண்டு தடவை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு செத்துப் பிழைக்கிறது. ஏன்? யாரோ மேலே இருந்து விஷத்தைத் திறந்துவிடுகிறார்கள் என்று துரை முடிவு செய்தார். படகில் ஆற்றின் மேல்பக்கம் போய்த் தேடினோம். கொசுக்கடியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காததே பெரிய ஆதாரமாயிற்று: ஒளித்துச் செய்கிறார்கள். போத்தல் தண்ணீரைச் சோதித்தார்கள். அதிலும் விஷம் இல்லை. உடனே தண்ணீர்மேல் இருந்த சந்தேகம் போத்தல்மேல் திரும்பியது. எல்லாப் போத்தலையும் என்னை மறுபடி கழுவச் சொன்னார்கள்.

கடைசியில் துரை அறிக்கை எழுதினார். இருக்கிற கொஞ்சநஞ்ச உயிராவது பிழைக்கட்டும், வருகிற கெராகாவ் பருவம் முழுக்கக் கழிமுகத்தில் தள்ளுவலையை நிறுத்துங்கள் என்று சிபாரிசு. கோலாலம்பூரில் ஒரு கூட்டம், அதில் அவர் போய்ப் பேசினால் உத்தரவு ஆகிவிடும். அதற்கு முன்னோடியாகப் படகுத் துறையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மலாயில் ஒட்டவேண்டுமே, அதற்கு டவுனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். படித்தவர். என்னைப்போல மொட்டையாக எழுதுவாரா? செத்த தண்ணீரை "உயிரற்றுப்போன நீர்நிலை" என்று இலக்கிய மலாயில் ஜோடித்துவிட்டார். ஆயர் மாத்தி என்று இரண்டு சொல் போட்டிருந்தால் அன்றைக்கே ஊர் சிரித்து விஷயம் முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வேலியருகே எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, உன் ஆபீஸ்ல யாருக்கோ பைத்தியம் பிடிச்சிருக்கு."

"ஏன் அண்ணே?"

"குவாலாவுல தண்ணி உயிரில்லாம போச்சாம். ஒட்டியிருக்கான். நேத்துகூட அதுல நான் ரெண்டு கூடை அள்ளினேன். எந்த மடையன் சொன்னது?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "நீங்கதான் அண்ணே சொன்னீங்க. நான் எழுதினேன். அவ்வளவுதான்."

"நானா?"

"ஆயர் மாத்தி, ஆயர் மாத்தின்னு எத்தனை நாள் சொல்லியிருக்கீங்க!"

அவர் என்னையே பார்த்தார். முதலில் வயிறு குலுங்கியது. அப்புறம் தோள். சாரோங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேலியை மறு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏய், இங்க வந்து கேளு! தம்பி தண்ணியைக் கொன்னுட்டான்!" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

அப்புறம்தான் விளக்கினார். நிலா பாதியாக இருக்கும் நாட்களில் கடல் அதிகம் ஏறாது, அதிகம் இறங்காது. சோம்பிக் கிடக்கும். ஓட்டம் இருக்காது. அதைத்தான் ஆயர் மாத்தி என்பார்கள்.

"தண்ணி சாகல தம்பி, ஓட்டம் செத்திருக்கு. நாலு நாள்ல தானா எழுந்துக்கும்."

"அப்ப பிடிபாடு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே?"

"ஓட்டம் இல்லாட்டி கெராகாவ் கரைக்கு ஒதுங்காது. அன்னிக்கு எவன் வலை எடுப்பான்? வீட்ல உட்கார்ந்து கிழிசல் தைச்சுக்கிட்டிருந்தேன். நீ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிடிபாடு என்னான்னு கேட்ட. வீட்டுக்குள்ள என்னா லா பிடிபடும்? எலியா?"

மறுபடி சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பெரியம்மா சிரிக்கவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காலிப் போத்தல் ஒன்று அவர் கையில் இருந்தது.

"அப்ப இந்தப் பருவம் வலை தள்ளக்கூடாதா?" என்று கேட்டார்.

"கூட்டம் முடிஞ்சா உத்தரவு வந்துடும் அக்கா" என்றேன்.

பெரியப்பா வேலியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் எதைத் தள்றது? உன் சைக்கிளையா?"

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். உங்கள் அம்மா எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து கேட்டிருந்தாள். நம் வீட்டில் தனியாகத் தகவல் சொல்லும் வழக்கம் அன்றும் கிடையாது.

"அந்த நோட்டைக் குடுங்க."

வீட்டில் நான் ஒரு நகல் எழுதி வைத்திருந்தேன், ஆர்வம் அப்படி. ஜாலான் பெண்டஹாரா மளிகைக் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த தினசரி நாள்காட்டி சமையலறைச் சுவரில் தொங்கியது. கிழித்த தாள்களை அவள் எறிவதில்லை, ஆணியில் குத்தி வைப்பாள். அவற்றை எடுத்து, நோட்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"செத்த தண்ணி என்னிக்கு ஆரம்பிக்குது? இந்தா, அஷ்டமி. அடுத்தது? அதுவும் அஷ்டமி. நவமி, தசமி, ஏகாதசி வரைக்கும் செத்திருக்கு. அடுத்த தேய்பிறைக்கும் அதே அஷ்டமி." தாள்களைத் தட்டி அடுக்கினாள். "இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு துரை, ஒரு படகு, அத்தனை போத்தலாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அஷ்டமி நவமியில நல்ல காரியம் ஒண்ணும் தொடங்காதீங்கன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன். ஆறே தொடங்கல. நீங்க தொடங்கியிருக்கீங்க."

மறுநாள் முதலில் பெரிய கிராணியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"ஐசே, இதை வேற ஆரிட்டயும் சொன்னீரோ?"

"இல்லைங்க."

"சொல்லாதையும். உம்மை நிரந்தரமாக்கச் சொல்லித் துரை கடிதம் எழுத வேணும். அவர் இன்னும் கொஞ்ச நாளில கப்பல் ஏறுறார். இப்ப போய், நீங்கள் எழுதின அறிக்கை முழுக்க என்ர பிழை எண்டு சொல்லப்போறீரோ? ஆறு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்."

அறிவுள்ள பேச்சு. இரண்டு நாள் அந்த அறிவோடு இருந்து பார்த்தேன். காலையில் சைக்கிளை எடுக்கும்போது பெரியப்பா வழக்கம்போல வேலியருகே நிற்பார். "தம்பி, தண்ணி எப்படின்னு கேக்கலியா?" என்பார். சிரிக்காமல் கேட்பார். அதுதான் தாங்கமுடியவில்லை. மூன்றாம் நாள் நோட்டையும் நாள்காட்டித் தாள்களையும் எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போய்விட்டேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடித்ததும் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"நீ நினைப்பதை எழுதாதே என்றுதானே சொன்னேன்?"

"நான் நினைக்கவே இல்லை, சார்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். அதில் அவர் ஊரில் அச்சடித்த கடலேற்ற அட்டவணை இருந்தது, புத்தம் புதிதாக. ஏற்றம் குறைந்த நாட்களுக்கு நீப் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். என் நோட்டை ஒரு பக்கம், உங்கள் அம்மாவின் அஷ்டமித் தாள்களை மறுபக்கம் வைத்து விரலை ஓட்டினார். மூன்றும் ஒரே நாளைச் சொன்னது. இங்கிலாந்தும் ஜாலான் பெண்டஹாராவும் அப்படி ஒத்துப்போனதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனாலும் விஞ்ஞானி ஒரே அடியில் சாய்ந்துவிடுவாரா? "ஓட்டம் இல்லாத நாளில்தானே விஷம் தேங்கும்? ஒருவேளை, அன்றைக்கு மட்டும் தண்ணீர் உண்மையிலேயே செத்திருக்கலாமே?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"அடுத்த செத்த தண்ணீர் நாளில் வலை போட்டுப் பார்ப்போம். உயிர் இருந்தால் அறிக்கையை மாற்றுகிறேன். காலி வலை வந்தால் அறிக்கை அப்படியே போகும்."

பெரியப்பாவிடம் வந்து சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செத்த தண்ணியில வலை தள்ளவா? என்னைப் பார்த்து ஊரு சிரிக்கும் லா."

"தள்ளாட்டி குவாலாவை மூடிடுவாங்க அண்ணே."

"தள்ளினா மட்டும்? கெராகாவ் வராதுன்னுதானே நான் போறதில்ல. காலி வலைதான் வரும். அப்புறம் என் கையாலயே மூடின மாதிரி ஆயிடும்."

அஷ்டமி வந்தது. உங்கள் அம்மா அன்று எதையும் தொடங்காதீர்கள் என்று சொல்லவில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கழிமுகத்துச் சேற்றுமேட்டில் நாங்கள் மூவர். தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, தட்டில் ஊற்றிய கஞ்சிபோலக் கிடந்தது. பார்த்தால் எனக்கே அது செத்ததுபோலத்தான் இருந்தது. துரை முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நோட்டோடு நின்றார். கரையில் நான்கு மலாய்க்காரர்கள் எங்களைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள்.

"பாங், இன்னிக்கு என்ன, தண்ணிக்குக் கருமாதியா?" என்று ஒருவர் பெரியப்பாவை அண்ணன் முறை வைத்துக் கத்தினார்.

"துரை மாலை கொண்டுவரலையா?" என்றார் இன்னொருவர்.

பெரியப்பா காதில் வாங்காமல் வலையை விரித்துத் தள்ளினார். அந்தப் பக்கம் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு நடை. வலையைத் தூக்கினார். எட்டிப் பார்த்தவர் முகம் செத்துப்போனது.

"நான் சொல்லல? ஒரு கெராகாவ்கூட இல்ல தம்பி."

என் கண்ணுக்கும் வலையின் அடியில் கொழகொழவென்று சேறும் இலையும்தான் தெரிந்தது. பெரியம்மாவின் காலிப் போத்தல்கள் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. துரை அருகே வந்து வலைக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் "ஆ!" என்று கத்திக் கையை உதறினார். விரல் நுனியில் ஒரு நண்டு தொங்கியது. பொத்தான் அளவுதான். ஆனால் கோபம், வளர்ந்த நண்டுக்கு உள்ளது.

கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். துரையோ நண்டை எடுத்து எறியாமல், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சேற்றில் அப்படியே மண்டியிட்டார். வலையின் அடிச்சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். சேறு கலைந்தது. தட்டு முழுக்கத் துள்ளியது. கண்ணும் வாலும் மட்டுமே உள்ள குஞ்சுகள், கண்ணாடிபோல் உடம்பு தெரிகிற குஞ்சுகள், கொடுவாக் குஞ்சு, மடவைக் குஞ்சு, பெயரே இல்லாத குஞ்சு. இவ்வளவு நாள் போத்தல் போட்டு எடுத்தும் நான் இதைப் பார்க்கவில்லை. போத்தலின் வாய் சின்னது, அதுகளுக்கு உள்ளே நுழையத் தெரிந்திருக்காது.

"தொட்டில்" என்றார் துரை, சேற்றோடு பேசுவதுபோல. "ஓட்டம் இல்லாத நாளில்தான் இவை இங்கே இளைப்பாறுகின்றன." தலையைத் தூக்கிப் பெரியப்பாவைப் பார்த்தார். "இந்த நாட்களில் இங்கே வலை போடவே கூடாது! அவரிடம் சொல்!"

சொன்னேன். பெரியப்பா வலையைக் கீழே வைத்தார்.

"நாங்க போடறதே இல்லையேடா! அவர் சொல்லித்தானே இன்னிக்குப் போட்டேன்!"

அதையும் துரையிடம் சொன்னேன். இந்தமுறை ஒரு சொல்லுக்கு இரண்டுமுறை யோசித்து மொழிபெயர்த்தேன். துரை காதுவரை சிவந்தார். வெயிலா, வெட்கமா என்று தெரியவில்லை. தட்டில் இருந்ததை மெதுவாகத் தண்ணீரில் சாய்த்து விட்டார்.

ஆனால் அரசாங்கக் காகிதம் குஞ்சு இல்லையே, சாய்த்துத் திரும்ப விட்டுவிட. மூன்று நகல் ஏற்கெனவே மேலே போய்விட்டது. தண்ணீர் சாகவில்லை என்று இப்போது எழுதினால், அப்போது ஏன் செத்தது என்று கேட்பார்கள். துரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறக்காதே என்று எனக்குப் புத்தி சொன்ன பெரிய கிராணிதான் அப்போது தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகினார்.

"அறிக்கையில ஒரு சொல்லும் வெட்டத் தேவையில்லை, சேர். நடுவில நாலு சொல் சேர்ப்பம்."

சேர்த்தார். "கழிமுகத்தில் தள்ளுவலை நிறுத்தப்பட வேண்டும்" என்று இருந்த இடம், "கழிமுகத்தில் செத்த தண்ணீர் என்று அறிவிக்கப்படும் நாட்களில் மட்டும் தள்ளுவலை நிறுத்தப்பட வேண்டும்" என்றாயிற்று. முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவரின் கை. வழக்கம்போல இரண்டு சொல்லைப் பெரிய எழுத்தில் அடித்தார்.

துரை அந்தத் தாளோடு கோலாலம்பூர் போனார். பெரியப்பா கூட்டம் முடியும்வரை வலைக்கழிகளைத் தொடவில்லை. பெரியம்மா போத்தல்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நானும் அலுவலகத்தில் போத்தல் கழுவினேன். ஐந்தாம் நாள் தந்தி வந்தது. கூட்டம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒத்துக்கொண்டதாம். தண்ணீர் எப்படிச் செத்தது என்றுகூட ஒருவரும் கேட்கவில்லையாம்.

தந்தியை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்கு வந்து படித்துக் காட்டினேன்.

"இரு, இரு" என்றார் பெரியப்பா. "நான் வலை போடாத நாள்ல வலை போடக்கூடாதுன்னு சட்டமா?"

"ஆமாம் அண்ணே."

"மத்த நாள்?"

"மத்த நாள் உங்க இஷ்டம்."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். பெரியம்மா முதல் போத்தலை ஏற்கெனவே வெயிலில் காயவைத்துவிட்டார்.

நம் கடற்கரையில் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட சட்டம் இன்னொன்று இல்லை. ஒருவர்கூட மீறவில்லை. துரை கப்பல் ஏறும்முன் அதை ஒரு வெற்றி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அது பொய்யில்லை. குஞ்சுகள் தொட்டிலில் இருந்தன, வலைகள் தண்ணீரில் இருந்தன. எனக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தார்: உள்ளூர் மொழிகளில் புலமை உள்ளவன், நிரந்தரமாக்கலாம் என்று.

ஆக்கினார்கள். செத்த தண்ணீர் நாட்களை மாதாமாதம் முன்கூட்டி அறிவிப்பதுதான் எனக்குத் தனியாக ஒதுக்கிய பொறுப்பு. கடலேற்ற அட்டவணையைத் துரை தன்னோடு கொண்டுபோய்விட்டார், புதிதாக ஒன்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. சுதந்திர நாட்டின் அரசாங்கம், முத்திரையோடு, உங்கள் அம்மாவின் சமையலறை நாள்காட்டியைப் பார்த்துத்தான் கழிமுகத்தை மூடுகிறது, திறக்கிறது. நீங்கள் கப்பல் செய்யத் தாள் கிழிக்கும்போது அவள் ஏன் அப்படிச் சத்தம் போடுகிறாள் என்று இப்போது விளங்குகிறதா?

இன்று காலையும் சைக்கிளை எடுக்கும்போது பெரியப்பா வேலியருகே கைகட்டி நின்றார். நிலாவை அவர் என்னைவிட நன்றாகப் பார்ப்பவர். ஆனாலும் அரசாங்க ஊழியரிடம் கேட்கவேண்டியதை முறைப்படி கேட்கத்தானே வேண்டும்.

"தம்பி, தண்ணி செத்துடுச்சா?"

நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"நாளைக்குச் சாகும் அண்ணே."

"அப்ப இன்னிக்குத் தள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, கழிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.